பினாங்குக்கு வழி சொன்ன பங்காரு

பினாங்குக்குப் போக வேண்டுமென்றால் முதலில் என் கடைக்கு வந்தாக வேண்டும். கப்பல் கம்பெனி சென்னையில் இருக்கலாம், பர்மிட்டு கொடுக்கிற அதிகாரி எந்த மாடியிலாவது உட்கார்ந்திருக்கலாம். ஆனால் திருத்தணி, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தீவின் வாசல், திருத்தணி ரயிலடியில் இருக்கும் என் காப்பிக் கடை பெஞ்சுதான். பெஞ்சின் சுவரோர மூலையில் பங்காரு உட்கார்ந்திருப்பார். கேட்டவருக்கெல்லாம் வழி சொல்வார். அதற்குக் காசு வாங்க மாட்டார். எனக்கும் காசு தர மாட்டார்; வழி கேட்க வந்தவன் தலையில் இரண்டு காப்பியையும் கட்டிவிடுவார்.

யுத்தம் முடிந்த சமயம் அது. சர்க்கரை ரேஷனில்கூட ஒழுங்காகக் கிடைக்காது. நான் வெல்லம் போட்டுத்தான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். பங்காரு அதைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "பினாங்குல சீனாக்காரன் போடுற காப்பி தாரு கணக்கா இருக்கும் கங்காதரா. ஆனா காப்பின்னா அதான் காப்பி" என்பார். என் கடையில் உட்கார்ந்துகொண்டு என் காப்பியையே குறை சொல்கிற ஆளை அன்றைக்கே எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவர் பேச்சைக் கேட்க எனக்கும் ஆசைதான்.

பங்காரு அம்மையார்குப்பத்து நெசவுக்காரர். யுத்தத்துக்கு முன்னால் கைலி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பினாங்குக்குப் போய், தெருத் தெருவாக விற்றவர். அவரோடு கூடப் போனவர் துரைக்கண்ணு. இரண்டு பேருக்கும் ஒரே தெரு. துரைக்கண்ணு இவரை மச்சான் முறை வைத்து 'பாவா, பாவா' என்று கூப்பிடுவார். போனவர்கள் இரண்டு பேர். திரும்பி வந்தவர் பங்காரு ஒருத்தர்தான்.

வந்தபிறகு அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களிடம் துணி வாங்கி ரயிலில் சென்னைக்கு அனுப்புகிற வேலை பார்த்தார். அதனால் தினமும் ரயிலடிக்கு வருவார், என் பெஞ்சில் உட்காருவார், யாராவது வந்து "பினாங்குக்குப் போகணுங்க" என்றால் முகம் மலர்ந்துவிடும்.

"கப்பல்ல ஏறினதும் ஓரமாப் போய்ப் படுக்காதே. கீழ்த்தட்டுல நட்ட நடுவுல பாயைப் போடு. ஓரத்துல படுத்தவனுக்குக் கொடலே வாய்க்கு வந்துடும். உப்பு நார்த்தங்கா ஒரு ஜாடி எடுத்துக்கோ, அதான் உனக்கு டாக்டரு. எறங்கினதும் ஊருக்குள்ள வுட மாட்டான். சின்னத் தீவு ஒன்னு இருக்குது, அங்க வெச்சி சீக்கு கீக்கு இருக்குதான்னு பார்ப்பான். துணியெல்லாம் வாங்கி ஆவியில போட்டு எடுத்துக் குடுப்பான். சாயம் போற துணியை மேல வெச்சிடாதே."

கேட்கிறவன் "ஆங், ஆங்" என்று தலையாட்டுவான். பங்காரு நிறுத்த மாட்டார்.

"அங்க மலாய்க்காரன், சீனாக்காரன், நம்மாளு, வெள்ளைக்காரன் எல்லாம் ஒரே தெருவுல போய்கினு இருப்பான். பயப்படாதே. வெலை கேக்கணும்னா 'பெராப்பா'ன்னு கேளு, எல்லாருக்கும் புரியும். ரிக்ஷாவுல ஏறுறதுக்கு முன்னாடியே கூலி பேசிடு. ஏறின பின்னாடி பேசினா அந்தச் சீனாக்காரன் போடுற கூச்சலுக்கு உன்கிட்ட பதில் கெடையாது. மலாய்க்காரன் வூட்டுல செருப்பைக் கழட்டிட்டு ஏறு, எடது கையால எதையும் நீட்டாதே. முக்கியமா ஒன்னு. யாரையும் ஆள்காட்டி வெரலால காட்டாதே, அது அவனுக்கு மரியாதைக் கொறச்சல். கையை மூடிகினு கட்டைவெரலால காட்டு."

இதைச் சொல்லும்போது தன் கையை மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்துக் காட்டுவார். அந்தப் பழக்கம் அவரைவிட்டுப் போகவே இல்லை. முருகன் மலைக்கு எந்தப் பக்கம் என்று யாத்திரைக்காரன் கேட்டாலும் கட்டைவிரலால்தான் காட்டுவார். கேட்டவன் ஏதோ கேலி செய்கிறார் என்று முறைத்துக்கொண்டு போவான். எங்கள் ரயிலடியில் அவருக்குக் கட்டைவிரல் பங்காரு என்றே பெயர்.

ஒரு தீவையே மனப்பாடமாக வைத்திருந்த மனிதருக்கு ஒரே ஒரு சேதி மட்டும் வாயில் வரவில்லை. துரைக்கண்ணு செத்துப்போய்விட்டார் என்பதுதான் அது. நான் கண்ணால் பார்த்ததையும் பங்காரு பின்னால் என்னிடம் சொல்லி அழுததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

பினாங்கில் குண்டு விழுந்தது நாற்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகை மாதத்தில். அன்றைக்குப் பங்காருவுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. துரைக்கண்ணு, "நீ படு பாவா, உன் மூட்டையையும் சேர்த்து நானே வித்துட்டு வரேன்" என்று இரண்டு மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். ஜப்பான்காரன் விமானம் வந்தபோது ஊர் ஜனம் ஓடி ஒளியவில்லை. குண்டு போடும் விமானத்தைப் பார்த்தறியாத ஜனம் தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தது. அப்படி நின்றவர்கள் மேல்தான் குண்டு விழுந்தது. துரைக்கண்ணு அங்கேயே போய்விட்டார். ஒரு மூட்டையோடு போயிருந்தால் விற்றுவிட்டுச் சீக்கிரம் திரும்பியிருப்பானே என்ற நினைப்பு பங்காருவை அன்று பிடித்தது, பிறகு விடவே இல்லை.

நாற்பத்தாறில் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் பங்காரு ஊர் திரும்பினார். எந்த நாளில் வந்து இறங்கினார் தெரியுமா? ஆடிக் கிருத்திகையன்று. மனுஷனுக்கு நேரம் சரியில்லாவிட்டால் ரயில்கூடப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வந்து சேரும்.

ரயிலடி முழுக்க மஞ்சள் துணியும் அரோகராவும்தான். நான் பால் காய்ச்சவே இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். பங்காரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நீந்தி வந்தார். எதிரே பூக்காவடி எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். துரைக்கண்ணுவின் மனைவி கௌரியம்மாள். புருஷன் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று பினாங்குக்கு யுத்தம் வந்ததிலிருந்து வருஷா வருஷம் அவள் காவடி எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் கயிற்றுக் காப்பு. பங்காருவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா! நீங்களா? அவரு எங்கண்ணா? அவரு?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவடிக்குக் காப்புக் கட்டியவர்கள் காதில் சாவுச் சேதியைப் போடக் கூடாது. போட்டால் தீட்டு, காவடியை நடுவழியில் இறக்க வேண்டும், நேர்த்திக்கடன் நின்றுவிடும், அந்தப் பாவம் சொன்னவனுக்கு. ஊரில் சொந்த அப்பன் செத்தால்கூட, காப்புக் கட்டினவனைத் தூரத்தில் நிறுத்தி, காவடியைச் செலுத்தி, காப்பை அவிழ்த்த பிறகுதான் வாய் திறப்பார்கள். பங்காரு பிள்ளையிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர். அவர் வாயிலிருந்து உண்மை வருவதற்கு முன்னால் வழக்கம் வந்துவிட்டது.

"நல்லா இருக்கான்மா. பின்னால வருவான். நீ மலை ஏறு" என்றார்.

கௌரியம்மாள் அழுதாள், சிரித்தாள், காவடியோடு அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். கூட வந்த பெண்கள் குலவையிட்டார்கள். நான்கூட அன்றைக்கு அவர்களுக்கெல்லாம் இனாமாக மோர் கொடுத்தேன். பங்காரு மட்டும் பெட்டியை இறக்கிவைத்து என் பெஞ்சில் உட்கார்ந்தவர், நான் கொடுத்த மோரைத் தொடவே இல்லை. மலையிலிருந்து இறங்கி வரட்டும், காப்பை அவிழ்க்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாராம்.

அவள் இறங்கி வந்தாள். நெற்றி நிறைய விபூதியும் குங்குமமும். நேராக வந்து பங்காரு காலில் விழுந்து, "முருகன் உங்க உருவத்துல வந்து சொல்லிட்டான்ணா" என்றாள். அதற்கு மேல் எவனால் சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்றார் மனசுக்குள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனால், தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் போனார். தறியில் உட்கார்ந்து புருஷனுக்கென்று ஒரு வேட்டி நெய்துகொண்டிருந்தாள், சிவப்புக் கரை போட்டு. கரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

பொய்யை அன்றைக்கே அவிழ்த்திருந்தால் அது மரியாதைக்குச் சொன்ன பொய்யாகப் போயிருக்கும். நாள் ஆக ஆக அது பங்காருவின் கழுத்துச் சுருக்காகிவிட்டது. தன் மனைவி எல்லம்மாளிடம்கூட அவர் சொல்லவில்லை. இந்த மனுஷனுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று அந்த அம்மாள் பேதி மருந்து கொடுத்துப் பார்த்தாள்.

பினாங்கிலிருந்து தபால் ஒழுங்காக வர ஆரம்பித்தது. மற்றவர்களுக்குக் கடிதம் வந்தது, மணியார்டர் வந்தது. கௌரியம்மாளுக்கு ஒன்றும் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "உயிரோட இருக்கிறவன் ஒரு காயிதம் போட மாட்டானா? எவளோ ஒருத்தியை வெச்சிகினு இருக்கான்" என்று பேச்சுக் கிளம்பியது. நூல் வியாபாரி பச்சையப்பன் என் கடைக்கு வந்தால் இதுதான் பேச்சு. சீனாக்காரிக்குத் துரைக்கண்ணு கால் பிடிக்கிற மாதிரி நடித்துக்காட்டுவான். பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பங்காருவைப் பார்த்து, "இன்னா பங்காரு, நீ பார்த்த ஆளாச்சே, சொல்லேன், அவ செவப்பா?" என்பான்.

"அப்படியெல்லாம் பேசாதே பச்சையப்பா" என்பார் பங்காரு. அவ்வளவுதான். தன் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு செத்தவனுக்காக அந்த மூன்று வார்த்தைதான் அவரிடம் இருந்தது. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எனக்கு அப்போது அது அவருடைய நல்ல குணமாகத் தெரிந்தது.

கொஞ்ச நாளில் கௌரியம்மாளே நம்பிவிட்டாள். பாவு நூல் வாங்கத் திருத்தணிக்கு வரும்போது என் கடை வாசலில் நின்று, "நாசமாப் போறவன்! காவடி எடுத்து என் தோளு காய்ச்சிப் போச்சி. அவன் அங்க குடும்பம் நடத்திகினு இருக்கான். அவன் கை அழுவிப் போக" என்று திட்டுவாள். திட்டிவிட்டு அழுவாள். அழுதுவிட்டு, "அண்ணா, நீங்க பார்த்தப்ப ஒடம்பு நல்லாத்தானே இருந்துச்சி?" என்று கேட்பாள். பங்காரு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு "ஆங்" என்பார்.

நாற்பத்தெட்டாம் வருஷம் கோடையில் ஒருநாள் வந்து, "அண்ணா, நான் பினாங்குக்குப் போறேன்" என்றாள்.

பங்காரு குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நேர்ல போய்க் கேக்கிறேன். வந்தா கூட்டிகினு வரேன். வரலன்னா மூஞ்சில காறித் துப்பிட்டு வரேன். தறியை வித்துடலாம்னு இருக்கேன். பொதட்டூர்பேட்டை சின்னசாமி கேட்டுகினு இருக்காரு. வழி மட்டும் சொல்லுங்க."

அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு தறிதான். பிள்ளைகள் கிடையாது, பிறந்த வீட்டில் யாரும் இல்லை. தறி போனால் அவள் சோற்றுக்கு வழியில்லை. செத்தவனைத் தேடிக்கொண்டு, இருக்கிற ஒரே பிடிப்பையும் விற்றுவிட்டுக் கடல் தாண்டப் போகிறாள்.

வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தீவைத் திட்ட ஆரம்பித்தார். இத்தனை நாள் சொர்க்கம் என்று சொன்ன ஊர் ஒரே நாளில் நரகமாகிவிட்டது.

"அங்க வெய்யிலு தாங்காதும்மா. தெனமும் மழை வேற. பூரான் முழ நீளம் இருக்கும்."

"வேலூர் வெய்யிலைவிடவாண்ணா? மழை பெஞ்சா சிலுசிலுன்னு இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொம்பளை தனியாப் போற எடமில்ல. பாஷை தெரியாது."

"பெராப்பான்னா வெலை. தெரியுமே. நம்ம ஜனமே தெரு தெருவா இருக்குது, சீனாக்காரனே தமிழ் பேசுவான்னு சொன்னீங்க."

"கப்பல்ல வாந்தி எடுத்தே பாதிப் பேரு..."

"நடுவுல பாயைப் போடணும். நார்த்தங்கா எடுத்துக்கணும். ஆள்காட்டி வெரலால யாரையும் காட்டக் கூடாது" என்று சொல்லி, கையை மடக்கிக் கட்டைவிரலை மேலே வைத்துக் காட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பங்காரு எழுந்து ரயிலடிப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் வருகிற நாளில் பங்காரு வர மாட்டார். வழி சொல்வதையும் குறைத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சு குறுகுறுத்ததோடு முதுகும் கூனிவிட்டது. அவள் மனம் மாறிவிடும், பர்மிட்டு கிடைக்காது, தறி விலை படியாது என்று ஒவ்வொன்றாக நம்பிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. தறி விலை படிந்தது.

ஆடி பிறந்தது. கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும். காலை முதல் ரயில் போன பிறகு கௌரியம்மாள் என் கடைக்கு வந்தாள். குளித்து, மஞ்சள் புடவை கட்டி, கையில் தேங்காய் பழத் தட்டு வைத்திருந்தாள். பங்காருவால் ஓடி ஒளிய முடியவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, குளத்தாண்ட போய்க் காப்புக் கட்டிக்கப் போறேன். பிரயாணம் நல்லபடியா முடியணும்னு இந்த வருசமும் காவடி. நாளன்னிக்கி சின்னசாமி வண்டியோட வந்து தறியைப் பிரிச்சி எடுத்துகினு போறாரு. கிருத்திகை முடிஞ்சதும் பட்டணம் போயி பர்மிட்டுக்கு எழுதிக் குடுக்கணும். அங்க அவரு இருக்கிற தெரு பேரு, வூட்டு நம்பரு கேப்பாங்களாம். சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து நீட்டினாள்.

பங்காரு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். காப்பு இன்னும் ஏறவில்லை. ஏறிவிட்டால் மறுபடி ஒரு வாரம் வாய் திறக்க முடியாது. அதற்குள் தறி பொதட்டூர்பேட்டைக்குப் போயிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எந்தக் கயிறு அவர் வாயைக் கட்டியதோ, அதே கயிறு இப்போது அவரை நெட்டித் தள்ளியது.

"காப்புக் கட்டிக்காதேம்மா" என்றார்.

"ஏண்ணா?"

"அவன் இல்லம்மா."

"வீடு மாறிட்டாரா?"

"இல்லம்மா. துரைக்கண்ணு செத்துட்டான். குண்டு வுழுந்த அன்னிக்கே செத்துட்டான். நான் வந்து எறங்கினப்ப நீ காவடியோட இருந்த. உன் கையில காப்பு இருந்துச்சி. அதனால..."

தட்டு கீழே விழவில்லை, அவள் அலறவில்லை. தட்டைப் பெஞ்சின் மேல் மெதுவாக வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். என் கடையில் அப்போது இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் இறக்கவில்லை.

பங்காரு எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், இரண்டு மூட்டை, ஜனம் அண்ணாந்து பார்த்தது, தான் தட்டுத் தடுமாறி மார்க்கெட்டுக்குப் போனது, அவனைப் பார்த்தது, பக்கத்திலேயே மயங்கி விழுந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எந்த மாசம்?" என்றாள் கடைசியில்.

"கார்த்திகை."

"யுத்தம் வந்த அந்தக் கார்த்திகையா?"

"ஆங்."

"அப்ப அவரு யாரையும் வெச்சிக்கல."

"அய்யோ, இல்லம்மா! உன் பேச்சைத் தவிர அவனுக்கு வேற பேச்சே கெடையாது."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நான் திட்டினேனே! கை அழுவிப் போகன்னு சொன்னேனே! இந்த எடத்துல நின்னுகினுதானே சொன்னேன். நீ காப்பி குடிச்சிகினு கேட்டுகினு இருந்தியே. செத்துப் போனவரை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ சும்மா இருந்த."

'அண்ணா' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. பங்காரு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேம்மா. பாவி நான். பெரிய பாவி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு என்ன சொல்வார்?

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்க பொதைச்சாங்க?"

பங்காரு கையை எடுத்தார். அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"நான் அங்க எறங்கினா அவரு கெடக்கிற எடத்துக்கு எப்படிப் போறது? சொல்லு. எல்லாருக்கும் வழி சொல்ற ஆளாச்சே."

"தெரியாதும்மா. நான் முழிச்சப்ப எவன் வூட்லயோ கெடந்தேன். திரும்பிப் போனப்ப லாரியில எல்லாரையும் ஒன்னா அள்ளிகினு பூட்டாங்க."

"எங்க அள்ளிகினு போனாங்கன்னு கேக்கலியா?"

"ஜப்பான்காரன் காலத்துல வாய் தொறக்க முடியாதும்மா."

"அவன் போன பின்னால?"

"பயமா இருந்துச்சி. என் மூட்டையையும் தூக்கிகினு போனவன். அவன் முன்னால போயி இன்னா சொல்லுவேன்?"

அந்தத் தீவில் எந்தச் சந்தில் எந்த வீட்டில் எந்த நிறக் கைலி விற்கும் என்பது தெரிந்த மனிதர் அவர். தன் சிநேகிதனைப் புதைத்த இடம் மட்டும் தெரியவில்லை.

கௌரியம்மாள் எழுந்தாள். "சின்னசாமி வண்டி வர வேணாம்னு சொல்லி அனுப்பு. அப்புறம் நம்ம தெருவுல வூடு வூடாப் போ. எவனெவன் அவரைப் பேசினானோ, அவன் வாசல்ல நின்னு சொல்லு. அவரு ஓடிப் போவல, செத்துட்டாருன்னு. நீதான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எனக்கு ஆகாது." நெற்றிக் குங்குமத்தோடு வந்தவள் அப்படியே நடந்து போனாள். காப்புக் கட்டிக்கொள்ள எடுத்துவந்த தட்டு என் பெஞ்சில் கிடந்தது. அதை யார் எடுப்பது? சாயங்காலம் நானே குளத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

பங்காரு சொன்னபடி செய்தார். முதல் வாசல் பச்சையப்பனுடையது. இவர் சொல்லி முடித்ததும் பச்சையப்பன் வாய்க்கு வந்தபடி இவரைத்தான் ஏசினானாம். இவர் நின்று கேட்டுக்கொண்டாராம். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவி, காப்புக் கட்டினவளிடம் சொல்லாதது சரிதான் என்றாளாம். "அன்னிக்கி சரிதான் தாயே. மறுநாளு?" என்று இவரே தன்னைக் கேட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாராம். கௌரியம்மாள் வீட்டில் கருமாதி நடந்தது. இவரை யாரும் அழைக்கவில்லை. தெருக்கோடியில் நின்றிருந்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு என் பெஞ்சில் அவர் வாய் திறந்து வழி சொன்னதில்லை. யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாதுப்பா" என்பார். தை பிறந்ததும் ஒருநாள், "கங்காதரா, நான் போறேன்" என்றார்.

"எங்கே?"

"பினாங்குக்கு. பர்மிட்டு வந்துடுச்சி. ஒரு மூட்டைக் கைலி எடுத்துகினு போறேன். மார்க்கெட்டுல பழைய ஆளுங்க எவனாவது இருப்பான். எங்க பொதைச்சாங்கன்னு கேட்டு, அந்த எடத்தைப் பார்த்துட்டு வரேன்." அந்த வயதில், அந்த உடம்போடு போக வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குக் காசு கொடுத்தார். நான் வாங்கவில்லை.

போகிற நாளில் எல்லம்மாளும் நானும்தான் ரயிலடியில் நின்றோம். சென்னை ரயில் வந்து நின்றது. பங்காரு மூட்டையை ஏற்றிவிட்டு ஏறப்போனபோது ரயிலடி வாசல் பக்கமிருந்து கௌரியம்மாள் வேகமாக வந்தாள். வெறும் நெற்றி. அந்த ஆடிக்குப் பிறகு அவள் பங்காருவோடு பேசியதே இல்லை. கையிலிருந்த ஜாடியை அவரிடம் நீட்டினாள்.

"நார்த்தங்கா" என்றாள். "கப்பல்ல ஓரமாப் படுக்காதே. நடுவுல பாயைப் போடு."

பங்காரு ஜாடியை வாங்கிக்கொண்டு நின்றார்.

"அந்தச் சின்னத் தீவுல துணியை ஆவியில போடுவான். சாயத் துணியை மேல வெக்காதே. ரிக்ஷாவுல ஏறுறதுக்கு முன்னாடி கூலி பேசு. யாரையும் வெரலால காட்டாதே." அவர் சொன்னது ஒன்றுகூட அவள் மறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பங்காரு பள்ளிப் பிள்ளை மாதிரி "ஆங், ஆங்" என்று தலையாட்டினார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. அவள் புடவைக்குள்ளிருந்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்தாள். சிவப்புக் கரை போட்டது. "எடம் தெரிஞ்சா இதை அங்க போத்திட்டு வா" என்றாள்.

கார்டு பச்சைக் கொடியை ஆட்டினார். பங்காரு ஏறிக்கொண்டார். ரயில் நகர ஆரம்பித்ததும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"வந்து எறங்கினதும் மொதல்ல எனக்கு வந்து சொல்லுண்ணா. நான் காப்புக் கட்டிகினு இருந்தாலும் சொல்லிடு."